முத்திரை விழுந்தால் தபால்தலை கெட்டுப்போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் விளையாட்டுத் தபால்தலைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், படங்களும் பளிச்சென்று இருந்தன. ஆனால் புதிதாகச் சேர்ப்பவர்கள் முத்திரை விழாத தலைகளாகப் பார்த்து வாங்க வேண்டும், முத்திரை விழுந்தால் அழகும் போச்சு விலையும் போச்சு என்கிற மாதிரி ஒரு அறிவுரை நடுவில் வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. விலை விஷயத்தில் சில நேரம் அது சரியாக இருக்கலாம். ஆனால் வரலாறு தெரிந்துகொள்ளத்தான் சேர்க்கிறோம் என்றால், தபால்தலை பாதிக் கதையைத்தான் சொல்லும், மீதியை அதன்மேல் விழுந்த கறுப்பு மைதான் சொல்லும். இதைச் சும்மா வாய்வார்த்தையாகச் சொல்லாமல் ஓர் அணியை வைத்தே காட்டிவிடுகிறேன். அமெரிக்க பேஸ்பாலில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்.

ஏன் அந்த அணி? நியூயார்க் யாங்கீஸை எடுத்தால் வேலை சுலபம், பேப் ரூத், லூ கெரிக் என்று ஆளாளுக்குத் தபால்தலை இருக்கிறது, ஆல்பம் தானாக நிரம்பிவிடும். பைரேட்ஸ் அப்படியில்லை, கொஞ்சம் தேட வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறை அந்த அணியின் பெயரில் ஒரு தலையும் வெளியிட்டதில்லை. ஆட்டக்காரர்களுக்கு வெளியிட்டிருக்கிறது, மைதானத்துக்கு வெளியிட்டிருக்கிறது, அவற்றைக் கோத்து அணியின் கதையாக்குவது நம் வேலை.

முதலில் எடுக்க வேண்டிய ஸ்டாம்பில் பைரேட்ஸே கிடையாது. 1939 ஜூன் 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம்) திறந்தார்கள், அதே நாளில் 3 சென்ட் ஊதா நிறத் தபால்தலை ஒன்றும் வந்தது. பேஸ்பால் பிறந்து நூறு ஆண்டு என்று கொண்டாட்டம். (1839-இல் அதே ஊரில் ஆப்னர் டபுள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்ற கதை வெறும் கட்டுக்கதை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், அது வேறு விஷயம்.) அந்தத் தலையில் சிறுவர்கள் சிலர் காலி மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள், பெயர் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் உயிரோடிருப்பவர்களைத் தபால்தலையில் போடுவதில்லை என்பது அங்கே வழக்கம். ஆனால் அன்றைக்கு அந்த ஊரில் யார் யார் நின்றார்கள்? ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானவர்களில் உயிரோடிருந்த பதினொரு பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹோனஸ் வாக்னர், பைரேட்ஸின் பழைய ஷார்ட்ஸ்டாப் (களத்தடுப்பில் ஓர் இடம்), அப்போது அதே அணியில் பயிற்சியாளர். அன்றைய முதல் நாள் உறைகளில், அதாவது தலை வெளியான நாளின் முத்திரை விழுந்த உறைகளில், கூப்பர்ஸ்டவுன் முத்திரைக்குப் பக்கத்தில் பதினொரு பேரும் கையெழுத்திட்டவை சில இருக்கின்றன, சேகரிப்பவர்கள் அதற்காக உயிரையே விடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அன்று உறையின் ஓரத்தில் கையெழுத்துப் போட்ட அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர், 61 ஆண்டு கழித்து 2000-இல் வந்த ஷீட்டில் (பல தலைகளை ஒன்றாக அச்சிட்ட தாள்) தாங்களே தபால்தலையாக வந்துவிட்டார்கள். முத்திரை விழாத 1939 தலையை மட்டும் வாங்கி ஆல்பத்தில் ஒட்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஊதா நிறப் பையன்கள், அவ்வளவுதான். ஊரும் தேதியும் சேர்ந்தால்தான் வாக்னர் உள்ளே வருகிறார்.

அதற்கும் முன்னால் போனால் தபால்தலையே வேண்டாம், வெறும் முத்திரை போதும். பைரேட்ஸ் 1909 வரை ஆடிய எக்ஸ்போசிஷன் பார்க் மைதானம் பிட்ஸ்பர்கிலேயே இல்லை, ஆற்றுக்கு அக்கரையில் அலகேனி என்ற தனி நகரத்தில் இருந்தது. 1907 டிசம்பரில்தான் அந்த நகரத்தை பிட்ஸ்பர்கோடு சேர்த்தார்கள். ஆக, 1903 அக்டோபரில் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸில் (இரண்டு பெரிய லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதித் தொடர்) பாஸ்டன் அணியோடு பைரேட்ஸ் சொந்த மண்ணில் ஆடிய நான்கு ஆட்டங்களும் அலகேனியில்தான் நடந்தன (தொடரை பாஸ்டன் 5-3 என்று ஜெயித்தது). அந்த மாதத்து முத்திரை ஒன்றை அந்தத் தொடருக்காகத் தேடுகிறவர் பிட்ஸ்பர்க் என்று தேடினால் ஏமாந்துபோவார், அலகேனி என்று தேட வேண்டும். இன்னொன்று, 1891-இல் அரசாங்கத்தின் ஊர்ப்பெயர் வாரியம் பிட்ஸ்பர்கின் ஆங்கில எழுத்துகளில் கடைசியில் இருந்த எச்-ஐ நீக்கிவிட்டது, ஊர்க்காரர்கள் சண்டை போட்டு 1911-இல் திரும்ப வாங்கினார்கள். இடைப்பட்ட அந்த இருபது வருஷமும் முத்திரையில் எச் இல்லாத பிட்ஸ்பர்க்தான். வாக்னர் டெட்ராய்ட் அணியின் டை காபை எதிர்த்து ஆடி 1909 வேர்ல்டு சீரிஸை ஜெயித்ததும் அந்த எச் இல்லாத காலத்தில்தான். முத்திரை மங்கி வருஷம் தெரியாமல் போன உறையைக்கூட இந்த ஓர் எழுத்தை வைத்து ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

சரி, 2000-க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூலை 6 அன்று அட்லாண்டாவில் வெளியிட்ட ஷீட்டில் 20 ஆட்டக்காரர்கள், ஒவ்வொன்றும் 33 சென்ட். பைரேட்ஸ் ஆட்கள் மூன்று பேர்: வாக்னர், பை ட்ரெய்னர், ராபர்ட்டோ க்ளெமென்டே. கூடவே ஜோஷ் கிப்சன். அவர் பைரேட்ஸ் இல்லை, ஆனால் பிட்ஸ்பர்கை விட்டு அவரைப் பிரிக்கவும் முடியாது. கறுப்பினத்தவர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்கில் பிட்ஸ்பர்க் க்ராஃபர்ட்ஸுக்கும் ஹோம்ஸ்டெட் கிரேஸுக்கும் ஆடியவர், கிரேஸ் அணி பைரேட்ஸின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டையே வாடகைக்கு எடுத்து ஆடியது. வெள்ளையர் லீக்கின் மைதானத்தில் ஆடலாம், லீக்கில் ஆடக் கூடாது. 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார், மூன்றே மாதத்தில் அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளினில் களம் இறங்கினார். 2024-இல் நீக்ரோ லீக் கணக்குகளையும் மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்தர லீக்) கணக்கில் சேர்த்தபோது எல்லாக் காலத்துக்குமான பேட்டிங் சராசரியில் முதலிடம், .372, கிப்சனுக்குப் போனது. கணக்கு வந்து சேர 24 வருஷம் முன்னாலேயே தபால்தலை வாக்னருக்குச் சமமாக அவரையும் ஒரே ஷீட்டில் வைத்துவிட்டது, அந்த வகையில் அஞ்சல் துறையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த ஷீட்டை நான் வேறு மாதிரியும் பார்ப்பேன். எதிராளிகளைத் தேடிப் பாருங்கள். வாக்னருக்கு 1909-இல் எதிரே நின்ற டை காப் அதே ஷீட்டில் இருக்கிறார். 1925-இல் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் கொட்டும் மழையில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் ட்ரெய்னரின் அணி வீழ்த்தியது வாஷிங்டன் அணியின் பந்துவீச்சாளர் வால்டர் ஜான்சனை, அவரும் இருக்கிறார். 1927-இல் பைரேட்ஸை நாலுக்கு நாலு என்று சுருட்டி அனுப்பிய ரூத்தும் கெரிக்கும் இருக்கிறார்கள். ஒரே ஷீட்டுக்குள் மூன்று வேர்ல்டு சீரிஸ். இதை யோசித்துத்தான் அச்சடித்தார்களா தெரியாது, ஆனால் எனக்கு அது போதும்.

குறை என்று சொன்னால் அட்லாண்டாதான். அந்த ஆண்டு நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் அங்கே நடந்தது, அதனால் வெளியீடும் அங்கே. முதல் நாள் உறையில் வாக்னரின் முகத்தின் மேல் அட்லாண்டா என்று விழுகிறது. அவருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? சிகரெட் பாக்கெட்டில் வந்த அவருடைய அட்டை ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த அட்டையில் அவர் நெஞ்சில் எச் இல்லாத பிட்ஸ்பர்க் எழுதியிருக்கும். 33 சென்ட் தலைக்கு அந்த ஊர் முத்திரை கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் க்ளெமென்டேவின் முதல் தபால்தலை. கையில் ஒன்று கிடைத்தால் உற்றுப் பாருங்கள். 20 சென்ட், 1984. அவர் தலையில் பைரேட்ஸ் தொப்பி, பின்னால் போர்ட்டோ ரிக்கோவின் (அமெரிக்க ஆளுகையில் உள்ள கரீபியன் தீவு) கொடி. அமெரிக்காவின் தபால்தலையில் அமெரிக்கக் கொடி இல்லாமல் அந்தத் தீவின் கொடி விரிந்து நிற்கிறது. முத்திரையைப் படியுங்கள்: கரோலினா, போர்ட்டோ ரிக்கோ, 1984 ஆகஸ்ட் 17. அவர் பிறந்த ஊர் அது. அவர் இருந்திருந்தால் மறுநாள், 18-ஆம் தேதி, ஐம்பது வயது நிறைந்திருக்கும். இறந்து பத்தாண்டு ஆன பிறகுதான் தலை வெளியிடுவது என்பது அப்போதைய வழக்கம், அவர் இறந்தது 1972 டிசம்பர் 31. நிகராகுவாவில் நிலநடுக்கம், மனாகுவா நகரமே சிதைந்து கிடந்தது, அனுப்பிய நிவாரணப் பொருள்களை அங்கிருந்த ராணுவ ஆட்கள் சுருட்டுகிறார்கள் என்று தெரிந்து, இந்த முறை நானே கூடப் போகிறேன் என்று அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய பழைய விமானத்தில் ஏறினார், சான் ஹுவானிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அது கடலில் விழுந்தது, உடல் கிடைக்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று பிட்ஸ்பர்கில் தன் மூவாயிரமாவது ஹிட்டை (பந்தை அடித்து ஓடி பேஸை எட்டுவது) அடித்திருந்தார். ரெகுலர் சீசன் (வேர்ல்டு சீரிஸ் போன்றவை சேராத லீக் ஆட்டங்கள்) கணக்கு சரியாக மூவாயிரத்தோடு நின்றுவிட்டது. ஹால் ஆஃப் ஃபேம் ஐந்தாண்டுக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி 1973-லேயே அவரைச் சேர்த்துக்கொண்டது.

பதினெட்டு சீசனும் ஒரே அணிக்கு ஆடிய ஒருவருக்கு முதல் முத்திரை பிட்ஸ்பர்கிலேயே விழுந்திருக்கலாம், யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். கரோலினாவைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர். அவர் ஆடிய காலத்தில் பேஸ்பால் அட்டைகள் பல ஆண்டுகள் அவர் பெயரை ஆங்கிலப்படுத்தி பாப் க்ளெமென்டே என்றே அச்சடித்தன, அவருக்கு அது பிடிக்கவே இல்லை. அப்படிப்பட்டவருக்குத் தொப்பியில் பிட்ஸ்பர்க், முத்திரையில் கரோலினா. முத்திரை விழாத தலையில் இந்த இரண்டாவது ஊர் இருக்காது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விவரம் தெரிந்த வாசகர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் நாள் முத்திரையில் இருக்கும் தேதி எப்போதும் உண்மைத் தேதி அல்ல. சில வாரம் கழித்து உறையை அனுப்பி வைத்தாலும் அந்த முதல் நாள் தேதியையே போட்டுத் தருவதற்கு அஞ்சல் துறையே சலுகைக் காலம் கொடுக்கிறது. அதாவது பெரும்பாலான முதல் நாள் உறைகள் அன்றைக்கு அந்த ஊரில் தபால் பெட்டியில் விழுந்தவையே அல்ல. மரியாதையான பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் விலாசம் எழுதி, நிஜமாகப் பயணம் போய், அன்றாட வட்ட முத்திரை விழுந்த சாதாரண உறைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், அது மை பரவி அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஃபோர்ப்ஸ் ஃபீல்டு நல்ல உதாரணம். 2001 ஜூன் 27 அன்று பழைய மைதானங்கள் பத்துக்குத் தபால்தலை வந்தது, 34 சென்ட், அதில் இதுவும் ஒன்று. 1909 ஜூன் 30 அன்று திறந்து 1970 ஜூன் 28 அன்று மூடிய மைதானம். பேப் ரூத் தன் கடைசி மூன்று ஹோம் ரன்களை (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 1935 மே 25 அன்று இங்கேதான் அடித்தார். இந்த மைதானம் இருந்த காலம் முழுக்க ஒரு நோ-ஹிட்டர்கூட (எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாத ஆட்டம்) இங்கே வீசப்படவில்லை. ஆனால் அந்தத் தலையை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மனதில் ஓடுவது 1960 அக்டோபர் 13 மட்டும்தான். வேர்ல்டு சீரிஸ், ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 9-9 சமநிலை. பில் மஸரோஸ்கி அடித்த பந்து இடதுபுறச் சுவரைத் தாண்டியது, யாங்கீஸ் கதை முடிந்தது. அந்தத் தொடர் முழுக்க யாங்கீஸ் எடுத்த ரன் 55, பைரேட்ஸ் எடுத்தது 27, கோப்பை பைரேட்ஸுக்கு. ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்து வேர்ல்டு சீரிஸை முடித்த முதல் ஆள் அவர். 2001-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார், அதே ஆண்டு மைதானத்துக்குத் தலை வந்தது, அவருக்கு வர முடியாது, உயிரோடு இருந்தார். பந்து தாண்டிய மைதானத்துக்குத் தபால்தலை உண்டு, தாண்டவைத்தவருக்கு இல்லை.

சுவரின் ஒரு பகுதி இன்னும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது, மட்டையடிப்பவர் நிற்கும் இடத்துப் பலகையான ஹோம் பிளேட்டைப் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் தரையில் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அக்டோபர் 13-ம் ரசிகர்கள் அந்தச் சுவரடியில் கூடி அன்றைய வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். அந்த 1960 தேதி போட்ட பிட்ஸ்பர்க் முத்திரை ஒன்று 4 சென்ட் லிங்கன் தலையோடு ஏதோ ஒரு கடையின் ரசீது உறையில் கிடைத்தால், 34 சென்ட் தலையைவிட அதைத்தான் ஆல்பத்தில் மஸரோஸ்கிக்கான பக்கத்தில் ஒட்டுவேன்.

வில்லி ஸ்டார்ஜெல் பற்றிச் சுருக்கமாக. 1962 முதல் 1982 வரை பைரேட்ஸ், 475 ஹோம் ரன், 1979 வேர்ல்டு சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர். 2001 ஏப்ரல் 9 அன்று பைரேட்ஸின் புதிய மைதானமான பிஎன்சி பார்க்கில் முதல் லீக் ஆட்டம் நடந்த அதே நாள் காலமானார். 2012 ஜூலையில் காடிர் நெல்சன் வரைந்த படத்தோடு தபால்தலை வந்தது, விலை அச்சிடாத, எந்தக் காலத்திலும் செல்லும் வகை. அருமையான ஓவியம், ஆனால் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் தலை. க்ளெமென்டேவின் 1984 தலையைத் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் தானாகக் கழன்று மிதக்கும், ஸ்டார்ஜெல்லை என்ன ஊறவைத்தாலும் வராது, பசை பேப்பரோடு பிடித்துக்கொள்ளும், இழுத்தால் தலை கிழியும். புதியவர்கள் முயற்சி செய்து பார்க்க வேண்டாம், உறையோடு சேர்த்து ஓரம் விட்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்லது முழு உறையையும் அப்படியே வைத்துக்கொள்வது.

1980-களின் கடைசியிலிருந்து கிரெனடா, செயின்ட் வின்சென்ட் போன்ற கரீபியன் தீவு நாடுகளின் பெயரில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஷீட் ஷீட்டாக வந்தார்கள், உயிரோடிருப்பவர்களும் சேர்த்து. பளபளப்பாக இருக்கும், விற்பவர்கள் அணி வரலாறு என்று சொல்லிக் கட்டாக நீட்டுவார்கள். அவை பெரும்பாலும் அந்தத் தீவுகளின் தபால் பெட்டிக்குள் போகவே இல்லை, சேகரிப்பவர்களின் பணப்பைக்காகவே அச்சானவை. வாங்குகிறவர்கள் வாங்கட்டும், என் ஆல்பத்தில் இடமில்லை. உங்கள் கட்டுரையின் அறிவுரைப்படி பார்த்தால் இவைதான் முதல் தரம், ஒன்றின் மேலும் முத்திரை இருக்காது!

கடைசியாக, இந்த அணியின் வரலாற்றில் தபால்தலையே வராத ஒரு நாள். 1971 செப்டம்பர் 1, த்ரீ ரிவர்ஸ் மைதானம், எதிரணி பிலடெல்பியா. பைரேட்ஸ் மேனேஜர் டேனி மர்ட்டா களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவர்கள் அல்லது லத்தீன் அமெரிக்கர்கள். மேஜர் லீக்கில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. கிப்சன் இறந்து 24 வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது பேரில் க்ளெமென்டேவும் ஸ்டார்ஜெல்லும் உண்டு, ஆக இருவரின் தலைகள் நம்மிடம் இருக்கின்றன, அந்த நாள் மட்டும் இல்லை. பைரேட்ஸ் 10-7 என்று ஜெயித்தது, அக்டோபரில் வேர்ல்டு சீரிஸையும் ஜெயித்தது. பத்திரிகை ஆசிரியரான உங்களுக்கு இன்னொரு செய்தி: அந்த நேரம் பிட்ஸ்பர்கின் பெரிய தினசரிகள் வேலைநிறுத்தத்தால் வரவில்லை. மறுநாள் காலையில் அந்த ஊர்க்காரர்கள் இதைத் தங்கள் பேப்பரில் படிக்க வழியில்லாமல் போயிற்று. ஆனால் தபால் ஓடியது. அன்றைக்கு அந்த ஊரில் 8 சென்ட் ஐசன்ஹோவர் தலை ஒட்டி யாரோ கட்டிய மின்கட்டண உறையிலும் யாரோ அத்தைக்கு எழுதிய கடிதத்திலும் பிட்ஸ்பர்க் 1971 செப்டம்பர் 1 என்று முத்திரை விழுந்திருக்கும். அப்படி ஓர் உறை பழைய காகிதக் கட்டில் உங்கள் வாசகர்கள் யார் கையிலாவது அகப்பட்டால், தலையைத் தனியாகக் கத்தரித்து எடுத்துவிட வேண்டாம் என்று அடுத்த இணைப்பில் ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உறைகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒரு வாசகர்